அப்பா அடிக்கடி 108-ஐ கூப்பிடுறாரு, ஆஸ்பத்திரில சலிச்சுக்கிறாங்க. என்ன பண்றது?

காவேரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிச்சிட்டு சொல்லுங்க. அப்பாவுக்கு 74 வயசு, டெல்டா பக்கம் ஒரு கிராமத்துல தனியா இருக்காரு, அம்மா போன வருஷம் தவறிட்டாங்க. நான் பெங்களூர், தம்பி துபாய். அப்பாவுக்கு சுகர், பி.பி. ரெண்டும் இருக்கு, ப்ராஸ்டேட்டுக்கும் மாத்திரை போடுறாரு. கொஞ்ச மாசமா விடியக்காலைல வேர்த்துக் கொட்டுது, படபடன்னு வருது, கை நடுங்குதுன்னு 108-க்கு போன் போட்டுடறாரு. வண்டி வருது, சுகர் பாக்குறாங்க, சில நாள் ரொம்ப கம்மியா இருக்கு, குளுக்கோஸ் குடுத்து ஆஸ்பத்திரில சேக்குறாங்க, அங்க ட்ரிப்ஸ் ஏத்தி ஈ.சி.ஜி. எடுத்து காலைல வீட்டுக்கு அனுப்பிடறாங்க. சில நாள் சுகரும் நார்மல் பி.பி.யும் நார்மல், ஆனாலும் அவருக்கு அதே படபடப்பு.

போன தடவை காஷுவாலிட்டில யாரோ ஒருத்தர் “பெரியவரே, உங்களுக்கு இதே வேலையா போச்சு”ன்னு நாலு பேர் முன்னாடி சொல்லிட்டாங்களாம். மனுஷன் கூனிக்குறுகிப் போயிட்டாரு. “இனிமே செத்தாலும் போன் போட மாட்டேன்”ங்குறாரு. எனக்கு இப்ப அவரு கூப்பிடுறதை விட கூப்பிடாம விட்டுடுவாரோங்கிறதுதான் பயம். பெங்களூர் வந்து இருங்கன்னா வர மாட்டேங்குறாரு. இந்த மாதிரி வீட்ல பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

தென்காசி_லோடு எழுதியது:

மனசு கஷ்டப்படாதீங்கம்மா, ஒரு பேச்சுக்கு சொல்லுதேன். நான் லோடு வண்டி ஓட்டுதவன், ரோட்டுல அடிபட்டு கெடக்கறவங்கள நெறைய பாத்திருக்கேன். கிராமப்புறத்துல சுத்துவட்டாரத்துக்கு ஒரு வண்டிதான் நிக்கும், அது ஒரு பெரியவர ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரி போயி, இறக்கி, எழுதிக் குடுத்துட்டு திரும்ப வாரதுக்குள்ள ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிரும், அந்த நேரத்துல இங்கன ஒருத்தன் ரத்தம் ஓடக் கெடந்தா அடுத்த ஸ்டேஷன்லேருந்துதான் வண்டி வரணும். உங்க அப்பாவ குத்தம் சொல்லல. ஆனா உயிர் போற கேஸுக்குன்னு இருக்கிற வண்டிய சும்மா தலசுத்துக்கெல்லாம் கூப்பிடலாமான்னு கேக்கேன்.

முன்னாள்_ஈஎம்டி எழுதியது:

லோடு அண்ணனுக்கும் சேத்தே பதில் சொல்றேன். தமிழ்நாட்டுல 108 வந்தது 2008 செப்டம்பர்ல, நான் அதுக்கு அப்புறம் சேர்ந்து பல வருஷம் ஈ.எம்.டி.யா, அதாவது வண்டிலயே முதலுதவி பண்றவனா இருந்தவன், இப்ப வேற வேலைல இருக்கேன். அண்ணன் சொல்ற கணக்கு சரிதான், ஒரு வண்டி ஒரு கேஸ்ல மாட்டினா அந்த ஏரியா காலிதான். ஆனா அதுக்கு பெரியவரை கூப்பிடாதீங்கன்னு சொல்றது வைத்தியம் இல்ல.

ஏன்னா வயசானவங்களுக்கு, அதுவும் சுகர் இருக்கிறவங்களுக்கு, ஹார்ட் அட்டாக் நெஞ்சு வலியோட வரணும்னு கட்டாயம் இல்ல. வெறும் வேர்வை, மூச்சு முட்டல், ஒரு மாதிரி அசதி, அவ்வளவுதான். “சும்மா தலசுத்து”ன்னு போனவர் ஈ.சி.ஜி.ல மாஸிவ் அட்டாக்னு வந்ததை நான் பாத்திருக்கேன். வீட்ல இருக்கிற மனுஷனுக்கு இது எதுன்னு எப்படித் தெரியும்? வண்டில மானிட்டர் வச்சிருக்கிற எங்களுக்கே சில சமயம் கட்டுப்பாட்டு அறையில இருக்கிற டாக்டருக்கு போன் போட்டு கேட்டுத்தான் முடிவு பண்ணுவோம்.

நான் சொல்ல வர்றது வேற. ஒரே வீட்டுக்கு திரும்பத் திரும்ப போனா பைலட் அட்ரஸே கேக்க மாட்டாரு (108-ல டிரைவரை பைலட்னுதான் சொல்லுவோம்), அந்தத் தெருமுனைல நாய் எங்க படுத்திருக்கும்னு வரைக்கும் எங்களுக்குத் தெரியும். அப்படி போற வீடுகள்ல முக்காவாசி நாலஞ்சு காரணம்தான் இருக்கும்: சுகர் இறங்குறது, பாத்ரூம் போறப்ப விழுறது, வீசிங், கால் வீங்கி மூச்சு வாங்குறது, யூரின் அடைக்கிறது. இது எல்லாமே ராத்திரி மூணு மணிக்கு எமர்ஜென்சி, ஆனா காரணம் பகல்ல, வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கு. நாங்க போவோம், அந்த நேரத்துக்கு சரி பண்ணுவோம், ஆஸ்பத்திரில ஒப்படைப்போம். அங்க அவங்க அந்த நேரத்து பிரச்சனையை பாத்து அனுப்புவாங்க. ஏன் இவரு திரும்பத் திரும்ப வர்றாருன்னு உக்காந்து யோசிக்கிற ஆள் நடுவுல யாரும் இல்ல.

தங்கச்சி, உங்க அப்பாவுக்கு “சில நாள் சுகர் ரொம்ப கம்மி”ன்னு எழுதியிருக்கீங்களே, எனக்கு அந்த ஒரு வரி போதும். சுகர் தானா இறங்குறது அபூர்வம். பெரும்பாலும் மாத்திரைதான் இறக்குது. அவரு என்னென்ன மாத்திரை போடுறாருன்னு மொதல்ல எடுத்துப் பாருங்க, அவரு சொல்றதை கேட்டு லிஸ்ட் எழுதாதீங்க, வீட்ல இருக்கிற அத்தனை அட்டையையும் ஒரு பாயில கொட்டிப் பாருங்க.

ராயபுரம்_71 எழுதியது:

எனக்கு 71 வயசு, தனியாத்தான் இருக்கேன், நானே கூப்பிடுறவ, அதனால எங்க பக்கத்தையும் கேளுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சா பொண்ணுக்கு போன் போட்டா அது பதறி அடிச்சிக்கினு வேளச்சேரிலேருந்து ஓடி வரும், மறுநாள் வேலைக்கு போவணும். பக்கத்து வீட்டுக் கதவை எத்தனி தடவை தட்டுறது, அவங்களும் புள்ளகுட்டிக்காரங்க. 108-க்கு போட்டா “சொல்லுங்கம்மா, எங்க இருக்கீங்க, மூச்சு விட முடியுதா”ன்னு ஒரு ஆளு கேக்கும். அந்தக் குரல் கேட்டாலே பாதி தெம்பு வரும்.

எல்லாரும் இதை பொய் கால்னு நினைக்கிறீங்க. ஒரு தபா சுகர் இறங்கி மயக்கமா கிடந்தவளுக்குத்தான் தெரியும், அதுக்கு அப்புறம் லேசா வேர்த்தாலும் அதேதான் வருதோன்னு இருக்கும். பயத்துலயும் அதே வேர்வை, அதே நடுக்கம்தான் வருது. நான் எப்படி பிரிச்சு பாக்குறது?

இப்ப நான் 108-ஐ கூப்பிடுறது குறைஞ்சிருக்கு, அதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, கீழ் போர்ஷன்ல இருக்கிற பொண்ணு தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கும், நான் திருப்பி குடுக்கணும். குடுக்கலைன்னா அது மேல ஏறி வரும். ரெண்டாவது, சுகர் பாக்குற மெஷின் தலமாட்டுலயே இருக்கு. 110-ன்னு காட்டினா தண்ணி குடிச்சிட்டு படுத்துப்பேன். 60-ன்னு காட்டினா சக்கரை போட்டுக்கினு 108-க்கு அடிப்பேன், யாரு என்ன சொன்னாலும் அடிப்பேன். உங்க அப்பாகிட்ட இதை நான் சொன்னேன்னு படிச்சுக் காட்டும்மா.

சிஸ்டர்_தேனி எழுதியது:

அரசு ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். மொதல்ல, பெரியவர்கிட்ட அப்படிப் பேசினது தப்பு, எவ்வளவு கூட்டமா இருந்தாலும் தப்புதான். எங்க வார்டுலயும் இந்த மாதிரி முகம் பழகின தாத்தா பாட்டி இருக்காங்க. நைட் டூட்டில ரெண்டு பேர் அம்பது பேரை பாக்குறப்ப “ஏன் தாத்தா மறுபடியும் வந்தீங்க”ன்னு வாய்ல வந்துடும், ஆனா அதையே நிஜமான கேள்வியா உக்காந்து கேட்டா பதில் கிடைக்கும்.

நீங்க உடனே பண்ண வேண்டியது ஒண்ணு சொல்றேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்சாங்க இல்ல, அதுல தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பி.பி., சுகர் பாத்து மாத்திரை குடுப்பாங்க. படுக்கையா இருக்கிறவங்களுக்கு வலி, அவஸ்தையை குறைச்சு பாத்துக்கிற பாலியேட்டிவ் நர்ஸ், நடக்க முடியாதவங்களுக்கு பிசியோ கூட வீட்டுக்கு வரும். உங்க ஊர் துணை சுகாதார நிலையத்துல கிராம சுகாதார செவிலியரை கேட்டா அப்பா பேரு லிஸ்ட்ல இருக்கான்னு சொல்லிடுவாங்க. பேரு இருந்தா அந்த அம்மாகிட்ட “இவரு ராத்திரில சுகர் இறங்கி ஆஸ்பத்திரி போறாரு”ன்னு கண்டிப்பா சொல்லணும். ஏன்னா அவங்க பகல்ல வந்து பாக்குறப்ப சுகர் 180 இருக்கும், மாத்திரை பத்தலைன்னுதான் நினைச்சுக்குவாங்க. ராத்திரி நடந்தது அவங்களுக்குத் தெரியவே தெரியாது.

டிஸ்சார்ஜ் சீட்டு, ஓ.பி. சீட்டு, 108-ல எடுத்த சுகர் ரீடிங் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு வைங்க. நாலஞ்சு சீட்டு சேந்து மேஜை மேல விழுந்தாத்தான் டாக்டருக்கே இது வேற கதைன்னு புரியும்.

இன்னொரு விஷயமும் சொல்லணும், இது எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு, 70 வயசு தாண்டினவங்களுக்கு 2024 அக்டோபர்லேருந்து ஆயுஷ்மான் பாரத்ல 5 லட்சம் இருக்கு, எல்லாம் நல்லதுதான், ஆனா அது எல்லாம் ஆளு பெட்டுல படுத்தாதான் பேசும். வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து மாத்திரை சரியா போடுறாரான்னு பாக்குற வேலைக்கு அந்த அட்டை உதவாது. படுக்க வைக்க காசு இருக்கு, படுக்காம பாத்துக்க ஆள் இல்ல.

கோவை_மருமக எழுதியது:

எங்க அத்தைக்கும் இதே கதைதானுங்க, ஆனா அவங்களுக்கு ஹார்ட் வீக். ராத்திரி படுத்தா மூச்சு முட்டும், எந்திரிச்சு உக்காந்துக்குவாங்க, உடனே ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரில ஊசி போட்டு நீர் எடுத்து விட்டா நாலு நாள்ல நடந்து வருவாங்க, அடுத்த மாசம் மறுபடியும். கடைசில ஒரு டாக்டர் கேட்டாரு, “தினம் எடை பாக்குறீங்களா, நீர் மாத்திரையை ஒழுங்கா போடுறாங்களா”ன்னு. பாத்தா, அத்தை கல்யாணம் காச்சி, பஸ் பிரயாணம்னா நீர் மாத்திரையை விட்டுடுவாங்க, வழில எங்க போய் ஒதுங்குறதுன்னு. அதுக்கு மேல தயிர்சாதத்துக்கு ஊறுகாய், ராத்திரி அப்பளம். இப்ப தினம் காலைல எடை மெஷின்ல ஏறி நின்னு காலண்டர்ல எழுதறாங்க, ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறுச்சுன்னா உடம்புல நீர் சேருதுன்னு டாக்டருக்கு போன் பண்றோம், மூச்சு முட்டுற வரைக்கும் காத்திருக்கறதில்லைங்க. ஆம்புலன்ஸே வேண்டாம்னு ஆகலை, ஆனா நல்லாவே குறைஞ்சிருக்கு.

லீட்ஸ்_நர்ஸ் எழுதியது:

நான் இங்கிலாந்துல வார்டு நர்ஸ், சொந்த ஊர் கும்பகோணம். இங்கயும் இதே தலைவலிதான். இங்க 108 மாதிரி இருக்கிற 999-ஐ திரும்பத் திரும்ப கூப்பிடுறவங்கள்ல வயசானவங்க நிறைய. பிளாக்பூல்ங்கிற ஊர்ல ரியன் மான்டீத்னு ஆம்புலன்ஸ்ல வேலை பாக்குற ஒரு பாராமெடிக் அம்மா என்ன பண்ணாங்கன்னா, அந்த ஊர்ல ரொம்ப அடிக்கடி கூப்பிடுறவங்க யார் யாருன்னு எடுத்து, அவங்களுக்கு இவங்களே போன் பண்ணி, கூட உக்காந்து காபி குடிச்சு, “உங்களுக்கு என்ன வியாதி”ன்னு கேக்காம “உங்களுக்கு என்ன வேணும்”னு கேக்க ஆரம்பிச்சாங்க. அவங்க எமர்ஜென்சி கால் பெரிய அளவுல குறைஞ்சது, அப்புறம் இங்க அரசு மருத்துவத்தை நடத்துற என்.எச்.எஸ். அதை மத்த ஊர்களுக்கும் கொண்டு போச்சு. அதுல எல்லா வயசுக்காரங்களும் இருந்தாங்க, முதியவங்க மட்டும் இல்ல. ராயபுரம் அம்மா சொன்ன ஒன்பது மணி மிஸ்டு காலும் அதேதான், இங்க அதுக்கு சம்பளம் குடுத்து ஆள் வச்சிருக்காங்க.

இங்க எல்லாம் ஒழுங்குன்னு நினைச்சிடாதீங்க. கீழ விழுந்துட்டா அவசரம் கம்மின்னு லிஸ்ட்ல பின்னாடி தள்ளி, பாட்டி மணிக்கணக்கா தரையிலயே கிடந்து வர்ற கேஸை நாங்க பாக்குறோம். ஒரு மணி நேரத்துக்கு மேல எழுந்திருக்க முடியாம தரையில கிடந்தா தசை நசுங்கி கிட்னி வரைக்கும் அடி வாங்கும். கூப்பிடுறது சின்ன விஷயமா பெரிய விஷயமான்னு போன்லயே பிரிக்கிறது எந்த ஊர்லயும் சுலபம் இல்ல.

காவேரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லீவு போட்டு ஊருக்கு வந்துட்டேன். ஈ.எம்.டி. அண்ணன் சொன்ன மாதிரி எல்லாத்தையும் பாயில கொட்டினோம். அம்மா முறுக்கு வைக்கிற டின் நிறைய மாத்திரை. பாதி அட்டை கத்தரியால வெட்டினது, பேரு இருக்கிற பக்கம் போயிடுச்சு, பின்னாடி “ரைடு”ங்கிற கடைசி எழுத்து மட்டும் தெரியுது. அப்பா பேரைப் பாத்து போடுறதில்ல, கலரைப் பாத்து போடுறாரு, “ரோஸ் கலர் காலைல, வெள்ளை ராத்திரி”ங்குறாரு. கடைல கம்பெனி மாத்திக் குடுத்தா கலரும் மாறிடுது, அது புது மாத்திரைன்னு நினைச்சு பழசோட சேத்து அதையும் போட்டிருக்காரு.

இன்னொன்னு, தன்னார்வலர் அக்கா குடுக்கிற சுகர் மாத்திரை ஒரு பேப்பர் கவர்ல தனியா இருக்கு. தஞ்சாவூர்ல ஒரு தனியார் டாக்டர் எழுதினதும் ஓடுது. அப்பாகிட்ட கேட்டா “இது சர்க்காருது, அது டாக்டருது, ரெண்டும் வேற வேற”ங்குறாரு. அம்மா இருந்த வரைக்கும் அம்மாதான் உள்ளங்கைல எடுத்துக் குடுப்பாங்க. அப்புறம் சாயங்காலம் ஆறரைக்கே ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு படுத்துடறாரு, மறுநாள் எட்டு மணி வரைக்கும் வயித்துல ஒண்ணும் கிடையாது.

அரசு மாத்திரை பேரு கிளிபென்கிளமைடு. டாக்டர் எழுதினது கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் சேந்தது. இது ரெண்டும் ஒண்ணா?

முதியோர்_மருத்துவம் எழுதியது:

முதியோர் மருத்துவத்துல மேற்படிப்பு படிக்கிறேன். ரெண்டும் ஒரே குடும்பத்து மாத்திரை, சல்ஃபோனைல்யூரியான்னு சொல்லுவோம், சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் கணையத்தை இன்சுலின் விட வைக்கும். ரெண்டையும் சேத்துப் போட்டு, ராத்திரி அவ்வளவு நேரம் சாப்பிடாம இருந்தா விடியக்காலைல சுகர் இறங்கத்தான் செய்யும். அதுலயும் கிளிபென்கிளமைடு வயசானவங்களுக்கு முடிஞ்ச வரைக்கும் வேண்டாம்னுதான் எங்களுக்கு சொல்லித் தர்றாங்க, ஏன்னா வயசானா கிட்னி வேகம் குறையும், மருந்து உடம்புல ரொம்ப நேரம் தங்கிடும். நான் இங்கேருந்து எதையும் நிறுத்துன்னு சொல்ல மாட்டேன், நாளைக்கு காலைலயே டின்னோட டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, கிட்னிக்கு கிரியாட்டினின், மூணு மாச சராசரி சுகருக்கு எச்.பி.ஏ.1.சி. பாக்கச் சொல்லுங்க. 74 வயசுல தனியா இருக்கிறவருக்கு அந்த எச்.பி.ஏ.1.சி.யை 7-க்குள்ள வச்சே ஆகணும்னு ஒண்ணும் இல்ல, 8 பக்கத்துல இருந்தாலும் போதும்னு டாக்டர் முடிவு பண்ணலாம்.

இன்னைக்கு ராத்திரி படுக்கும்போதும், மூணு மணிக்கும் சுகர் பாருங்க. 70-க்கு கீழ இருந்தா மூணு ஸ்பூன் சக்கரையை தண்ணில கரைச்சு குடுங்க, 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாருங்க, ஏறினதும் ஏதாவது சாப்பிட வைங்க. முழுங்க முடியாத அளவு மயக்கமா இருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108.

இதையும் அப்பாகிட்ட சொல்லுங்க: இந்த மாத்திரையால இறங்குற சுகர், குளுக்கோஸ் குடுத்து ஏறினாலும் சில மணி நேரத்துல மறுபடியும் இறங்கலாம். ஆஸ்பத்திரில வச்சு பாக்குறதுதான் சரி. அதாவது அவரு கூப்பிட்டது ஒவ்வொரு தடவையும் சரிதான்.

ப்ராஸ்டேட் மாத்திரை போடுறாருன்னு சொன்னீங்க, அதுல சிலது எழுந்து நிக்கிறப்ப பி.பி.யை இறக்கும், அதனால படுத்திருக்கிறப்ப ஒரு பி.பி., எழுந்து நின்னு மூணு நிமிஷத்துக்குள்ள ஒரு பி.பி. பாக்கச் சொல்லுங்க. மேல இருக்கிற நம்பர் 20 இறங்கினா ராத்திரி பாத்ரூம் போக எழுந்திரிக்கிறப்ப தள்ளாடும், விழுவாரு.

சென்னை மருத்துவக் கல்லூரில 1978-லயே முதியோர் ஓ.பி. ஆரம்பிச்சாங்க, 1996-ல எம்.டி. படிப்பும் வந்துச்சு, 2024 பிப்ரவரில கிண்டி கிங் வளாகத்துல 200 படுக்கையோட தேசிய முதியோர் மருத்துவமனை திறந்தாச்சு. ஆனா உங்க அப்பா கிராமத்துக்கும் கிண்டிக்கும் நடுவுல எங்கயும் இந்த மாத்திரை டின்னை தொறந்து பாக்க ஒரு ஆள் இல்லாம போச்சு, அதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு. 2011 கணக்குலயே தமிழ்நாட்டுல 60 தாண்டினவங்க 10.4 சதவீதம், இப்ப அதை விட கூட. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் வாரத்துல ஒரு நாள் முதியவங்க மாத்திரையை மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லி பாத்தாலே நிறைய ராத்திரி ஓட்டம் மிச்சமாகும்.

காவேரிக்கரை எழுதியது:

பாத்துட்டு வந்தாச்சு. கிட்னி கொஞ்சம் டல்லுதான்னு சொன்னாரு. அரசு மாத்திரையை நிறுத்திட்டு, இன்னொன்னை டோஸ் குறைச்சு காலைல மட்டும்னு மாத்தியிருக்காரு, படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் பாலும் ரெண்டு பிஸ்கட்டும். தன்னார்வலர் அக்காகிட்டயும் சொல்லி அவங்க நோட்டுல எழுத வச்சாச்சு. விடியக்காலை ரீடிங் இப்ப நல்லா இருக்கு. படபடப்பு மட்டும் இன்னும் அப்பப்ப வருதுங்குறாரு, அம்மா இல்லாத வீடு, அதை எந்த மாத்திரையில சரி பண்றதுன்னு தெரியல. தினமும் பேச 14567 முதியோர் உதவி எண் இருக்குன்னு சொன்னாங்க, அது காலை எட்டுலேருந்து ராத்திரி எட்டு வரைக்கும்தான். ராத்திரிக்கு 14416 டெலிமானஸ், அந்த மனநல உதவி எண்ணை குடுத்திருக்கேன், அது 24 மணி நேரமும் உண்டு. கூப்பிடுவாரான்னு தெரியல.

ராயபுரம்_71 எழுதியது:

நம்பர் குடுத்தா கூப்பிட மாட்டாரும்மா, எங்க வயசு ஆளுங்க முன்ன பின்ன தெரியாத ஆளுகிட்ட அழ மாட்டோம். நீ தினம் ஒரே நேரத்துல பேசு, அஞ்சு நிமிஷம் போதும், “மாத்திரை போட்டியா”ன்னு ஆரம்பிக்காத. வாய்க்கால்ல தண்ணி வந்துச்சா, யாரு வீட்ல விசேஷம்னு கேளு.

தென்காசி_லோடு எழுதியது:

நான் மொதல்ல சொன்னது இந்த விவரம் தெரியாம சொன்னதுதான், பெரியவர் கூப்பிட்டது நியாயம். அப்படியே எனக்கும் ஒரு யோசனை சொல்லுங்க. எங்க அம்மா ஒண்டியா இருக்கா, வயசு 80 ஆவப்போவுது, ராத்திரி வெளிய புழக்கடைக்குப் போறப்ப ரெண்டு மட்டம் விழுந்துட்டா. வீட்டுக்கும் கக்கூஸுக்கும் நடுவுல முத்தம். என்ன செய்யலாம்?

முன்னாள்_ஈஎம்டி எழுதியது:

அண்ணே, ராத்திரிக்கு மட்டும் கட்டில் பக்கத்துல கமோட் சேர் போடுங்க, சர்ஜிக்கல் கடைல கிடைக்கும், அம்மா வெக்கப்படுவாங்க, உங்க வீட்டம்மாவை விட்டு பேச வைங்க. கட்டில் உயரம் பாருங்க, உக்காந்தா ரெண்டு பாதமும் தரையில முழுசா படணும். சுவிட்சு கட்டில்லேருந்து எட்டுற தூரத்துல இருக்கணும், நான் போன வீடுகள்ல பெரும்பாலும் அது கதவுக்குப் பக்கத்துலதான் இருக்கும், லைட்டு போடப் போறதுக்குள்ளயே விழுந்திருப்பாங்க. சேலை தடுக்குதுன்னா ராத்திரிக்கு நைட்டி. முத்தத்துல பாசி பிடிச்சிருந்தா பிளீச்சிங் பவுடர் போட்டு தேய்ங்க, சுவர் ஓரமா ஒரு பைப் கைப்பிடி அடிங்க. பழைய பட்டன் போன் ஒண்ணை கயிறு கட்டி கழுத்துலயே போட்டுவிடுங்க, விழுந்த இடத்துலேருந்து கூப்பிடலாம்.

விழுந்து இடுப்பு வலின்னா, ஒரு கால் குட்டையா வெளிப்பக்கம் திரும்பின மாதிரி இருந்தா தூக்கி நிறுத்தப் பாக்காதீங்க, அப்படியே படுக்க வச்சு 108. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க தலைல அடிபட்டா, வலி இல்லைன்னாலும் 108. முகம் கோணுது, ஒரு கை தூக்க முடியல, பேச்சு குளறுதுன்னா அது பக்கவாதமா இருக்கலாம், எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு குறிச்சுக்கோங்க, ரத்தக்கட்டியை கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அம்மாவுக்கு பி.பி. மாத்திரை, தூக்க மாத்திரை ஏதாவது ஓடுதா? அட்டையில இருக்கிற பேரை இங்க எழுதுங்க, டாக்டர் தம்பி பாத்து சொல்லுவாரு.